எரிவாயு மின்நிலையம்: கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசுவது எப்படி

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். அதைப் பார்த்த அன்றே கலெக்டர் அலுவலகத்திலோ மாவட்டத் தொழில் மையத்திலோ ஆலையின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையைக் கேட்டுப் படியுங்கள். தமிழ்ச் சுருக்கம் மட்டும் போதாது. சங்கடமான எண்கள் முழு அறிக்கையின் அட்டவணைகளில்தான் இருக்கும்.

எரிவாயு என்றால் புகையே இல்லை என்பார்கள். சாம்பல் இல்லை, உண்மை. ஆனால் விசையாழியின் (டர்பைன்) உயர்வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம். இப்போதுள்ள அளவோடு ஆலையின் பங்கைக் கூட்டினால் எவ்வளவு வருகிறது, காற்று வீசும் திசையில் உங்கள் ஊரில் மாதிரி எடுத்தார்களா என்று பாருங்கள். குளிர்விக்கும் நீர் எங்கிருந்து வருகிறது, குழாய் எந்த வயல் வழியே போகிறது என்பதையும் விடாதீர்கள்.

“ஆலை வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் ஒற்றை வரியில் முடிந்துவிடும். பக்க எண், அட்டவணை எண் சொல்லிக் கேட்டால் நிறுவனம் பதில் எழுதியாக வேண்டும். அதையே மனுவாகவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

கோபத்தில் வெளிநடப்பு செய்யாதீர்கள்; குறைந்தபட்ச வருகை என்ற விதியே இல்லாததால், நீங்கள் போய்விட்டாலும் கூட்டம் செல்லுபடியாகும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசிக்க வேண்டும். உங்கள் கேள்வி விடுபட்டிருந்தால், ஆட்சியர் கையெழுத்திடும் முன் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள்.