ஆஃப் சீசனில் குழுவாக வெளிநாடா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

போன வாரம் காவேரிப்பட்டினத்துத் தம்பி ஒருவர், தான் அடித்த முதல் டூர் நோட்டீஸைக் காட்ட வந்தார். ஆகஸ்ட் மாதம், தாய்லாந்து, ஐந்து நாள். "டிசம்பர் ரேட்டுல பாதிதாங்கண்ணா, பதினெட்டு பேர் அட்வான்ஸ் குடுத்துட்டாங்க" என்றார். நோட்டீஸின் நடுவில் மாயா பே கடற்கரைப் படம். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை அந்தக் கடற்கரையை மூடிவிடுவார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும், ஊறுகாயைக் கைப்பையில் வைக்கக் கூடாது என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. விடுங்கள்.

விலை ஏன் இறங்கியது என்று கேட்காமல் விடுவது

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் முடிந்து, கூழ் ஆலைகளும் ஓய்ந்தபின்தான் மண்டிக்காரர்களுக்கு மூச்சு விட நேரம். அப்படி 22 பேரை ஒரு ஆவணி முதல் வாரத்தில் தாய்லாந்தின் கிராபிக்கு அழைத்துப் போனேன். அறை வாடகை அவ்வளவு குறைவு. ஒரே மாடியில் அடுத்தடுத்து பதினொரு அறை. டிசம்பரில் கெஞ்சினாலும் கிடைக்காது. பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை கரையில் சிவப்புக் கொடி. படகுகளையெல்லாம் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மூன்று நாளும் அதேதான். படகுக்குக் கட்டிய முன்பணம் திரும்பவில்லை. குழுவில் இருந்த பர்கூர் பெரியம்மா கோபமே இல்லாமல் கேட்டார்: "இந்த மழையப் பாக்கவா தம்பி பிளேன் ஏறி வந்தோம்?" அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

ஒரு நாட்டுக்கு ஒரே சீசன் என்று நினைத்ததுதான் என் தவறு. தாய்லாந்தின் மேற்குக் கரையான புக்கெட், கிராபி பக்கம் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைக்கிறார்கள். கிழக்கே கோ சாமுய் பக்கம் கதை வேறு. கேரளத்தில் கொட்டும்போது மலைக்கு இந்தப் பக்கம் நமக்கு வெறும் காற்று அடிக்கிறதே, அதே மாதிரி. சாமுய்க்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில், நம் சென்னைக்கு வரும் அதே காலத்தில். ஆகஸ்டில் அங்கே கடல் அமைதி. ஐரோப்பியர் வருவதால் வாடகை சற்றுக் கூடும், அவ்வளவுதான். இலங்கையிலும் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கே பெந்தோட்டை கொந்தளிக்கும், கிழக்கே திருகோணமலை அமைதியாக இருக்கும். மலேசியாவின் பெர்ஹெந்தியன் தீவுகளோ ஜூலையில் அருமை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகளே பூட்டிக் கிடக்கும்.

கூட்டம் இல்லாததால் விலை இறங்கியிருந்தால் அது லாபம். நாம் பார்க்கப் போகும் இடமே மூடியிருப்பதால் இறங்கியிருந்தால் நஷ்டம். மழை மாதத்தில் பாங்காக், சிங்கப்பூர், கோலாலம்பூர் போகலாம். கோயில், கடைத்தெரு, அருங்காட்சியகம் எல்லாம் மழையிலும் திறந்திருக்கும். தீவுக்கு என்றால் கரையைப் பார்த்து மாதத்தை முடிவு செய்யுங்கள். தம்பியிடம் அன்றே நோட்டீஸை மாற்றச் சொன்னேன்.

எல்லா டிக்கெட்டையும் ஒரே தேடலில் போடுவது

விமான இருக்கைகள் விலைவாரியாக அடுக்கடுக்காக இருக்கும். மலிவான அடுக்கில் நான்குதான் மிச்சம் என்றால், ஒன்பது பேருக்குத் தேடும்போது ஒன்பதுக்குமே அடுத்த அடுக்கின் விலைதான் காட்டும். முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், பிறகு நால்வருக்கு. பத்துப் பேர் சேர்ந்தால் குரூப் புக்கிங்கில் கேளுங்கள். அங்கே சில சமயம் விலை கூடுதல்தான். ஆனால் எல்லோருக்கும் ஒரே விலை, பெயர்களைப் பிறகு கொடுக்கலாம். யார் வருவார், யார் நிற்பார் என்பது கடைசி வாரம்வரை தெரியாத நம் ஊர்க் குழுக்களுக்கு இது பெரிய உதவி. ஆஃப் சீசனில் மலிவு அடுக்கில் இருக்கை நிறையக் கிடக்கும். குழுவுக்கு உண்மையான லாபம் இங்கேதான்.

வாடகையோடு பேரத்தை நிறுத்துவது

அறை காலியாக இருக்கும் மாதம் அது. மதியம் வரை அறையை வைத்துக்கொள்ளவும், விடிகாலைக் கிளம்பலுக்குக் காலை உணவைப் பொட்டலமாகத் தரவும் கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள்.

புரட்டாசியை மறப்பது

குழுவில் பாதிப் பேர் கவிச்சி தொடமாட்டார்கள். தாய்லாந்தில் "ஜே" என்று சொல்லுங்கள்: இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயம் பூண்டும் இருக்காது. புக்கெட்டின் சைவத் திருவிழாவும் பெரும்பாலும் நம் புரட்டாசியை ஒட்டியே வரும். அப்போது ஜே கடைகளில் மஞ்சள் கொடி பறக்கும்.

அக்டோபர் முதல் வாரம்

சீனாவில் தேசிய நாள் விடுமுறை. அங்கிருந்து கூட்டம் கிளம்பிவிடும். தொடாதீர்கள்.

வேன்

பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு, விமான நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்பே கிருஷ்ணகிரியை விட்டுக் கிளம்புங்கள்.