ஒளிரும் காலனி எல்லாம் உற்பத்தி செய்யும் காலனி அல்ல: நுண்ணுயிரி ஸ்கிரீனிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர் நீல விளக்கின் கீழ் ஓர் அகார் தட்டைப் பிடித்துக் காட்டினார். ஏறக்குறைய முந்நூறு ஈஸ்ட் காலனிகளுக்கு (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டங்களுக்கு) நடுவே ஐந்து மட்டும் பச்சையாகப் பளிச்சிட்டன. நமக்கு வேண்டிய பொருளை மிகுதியாக உற்பத்தி செய்யும் செல்லை இப்படிப் பலவற்றிலிருந்து சலித்துத் தேடுவதைத்தான் ஸ்கிரீனிங் என்கிறோம். "இவைதான் சார், சந்தேகமே இல்லை" என்றார். ஏழு ஆண்டுகளுக்கு முன் நானும் அதே மகிழ்ச்சியோடு அப்படி ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நம்பிக்கையால் ஐந்து மாத உழைப்பை இழந்தேன். செல்கள் வளரும் ஊடகத்தில் உப்பு கூடுவது, குழாயில் பெயர் ஒட்டாமல் விடுவது போன்ற பிழைகளை எவரும் ஓரிரு முறை பட்டுத் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒளியை அளந்துவிட்டு, பொருளை அளந்ததாக நினைப்பது

குறுக்கு வழியைத் தேட நமக்கு நியாயமான காரணம் உண்டு. ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று நேரடியாக அளக்கும் எச்பிஎல்சி கருவியில் ஒரு மாதிரிக்கு 15 நிமிடம் என்றால், 96 குழிகள் கொண்ட ஒரே ஒரு தட்டை முடிக்க முழுதாக 24 மணி நேரம் ஆகும். செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரோ ஒரு நொடியில் பல ஆயிரம் செல்களைப் பார்த்துப் பிரித்துவிடும். ஆனால் அதற்குத் தெரிவது ஒளி மட்டுமே. ஆகவே, நமக்கு வேண்டிய பொருள் கூடும்போது ஒளியும் கூடும்படி செல்லுக்குள் ஓர் உணரியை அமைக்கிறோம்.

நான் அப்போது மியூகோனிக் அமிலத்தில் வேலை செய்தேன். நைலான் தயாரிக்கப் பயன்படும் அடிபிக் அமிலத்தை இதிலிருந்து பெறலாம் என்பதால் இதன்மேல் பலருக்கும் ஆர்வம் உண்டு. அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் பென்எம் என்னும் புரதம் இந்த அமிலம் வந்து ஒட்டியதும் ஒரு மரபணுவை இயக்கும். அந்த இடத்தில் பச்சை ஒளிர் புரதத்தின் மரபணுவை வைத்துவிட்டால், அமிலம் மிகுந்த செல் மிகுதியாக ஒளிர வேண்டும். உணரியைத் தாங்கிய ஈஸ்ட்டைப் புற ஊதாக் கதிரில் காட்டிப் பிறழ்வுகளை உண்டாக்கி, மிகப் பிரகாசமான ஆயிரத்தில் ஒரு பங்கைப் பிரித்து வளர்த்து, மறுபடி பிரித்தோம். மூன்றாம் சுற்றின் முடிவில் கூட்டம் முழுவதுமே முன்னைவிடப் பத்து மடங்கு ஒளிர்ந்தது. அதை நம்பி நொதிகலனில் ஏற்றினோம். பிறகுதான் எச்பிஎல்சி செய்தோம். தாய்த் திரிபின் (நாங்கள் தொடங்கிய மூல ஈஸ்ட் வகையின்) வரைபடத்தையும் புதிய திரிபின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது, மியூகோனிக் அமிலத்தின் இரு முகடுகளும் கோடு பிசகாமல் பொருந்தி நின்றன. உணரியின் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்ததில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அமிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் புரதம் மரபணுவை இயக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

பிறழ்வு இன்ன இடத்தில்தான் விழும் என்று சொல்ல முடியாது. உற்பத்திப் பாதையில் விழலாம், உணரியில் விழலாம், உணரியைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தின் எண்ணிக்கையைக் கூட்டலாம். பொருளை வெளியே தள்ளும் வாயில் பழுதடைந்தாலும் செல் பிரகாசமாகவே தெரியும். உணரி பார்ப்பது உள்ளே இருக்கும் அளவை, நமக்கு வேண்டியதோ வெளியே வரும் அளவு. உண்மையாகவே உற்பத்தி கூடிய செல் பெரும்பாலும் கால் பங்கோ அரைப் பங்கோதான் கூடுதலாக ஒளிரும். ஏமாற்றும் செல் பத்து மடங்கு ஒளிரும். ஆகவே உச்சத்தை மட்டும் வெட்டி எடுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் நாம் ஏமாற்றும் செல்களைத்தான் பெருக்குகிறோம். இதற்கான எச்சரிக்கை எனக்கு முன்பே கிடைத்திருந்தது என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. 2014இல் ஹார்வர்டில் ஜார்ஜ் சர்ச்சின் குழு, உணரியை டோல்சி என்ற மரபணுவோடு இணைத்தது. அந்த மரபணு இயங்கினால் செல் சோப்புப் பொருளைத் தாங்கும், ஆனால் பாக்டீரியாவைக் கொல்லும் கொலிசின் என்ற புரதத்துக்குப் பலியாகும். உற்பத்திப் பாதையை மூடிவைத்துக் கொலிசின் கொடுத்தபோது, காரணமில்லாமல் உணரி இயங்கிய செல்கள் செத்தன. பாதையைத் திறந்து சோப்புப் பொருளைக் கொடுத்தபோது உண்மையான உற்பத்தியாளர்கள் பிழைத்தன. இவ்வாறு மாற்றி மாற்றிச் சலித்து, நாரிஞ்செனின் என்ற தாவரப் பொருளின் உற்பத்தியை 36 மடங்கு உயர்த்தினார்கள்.

அவ்வளவு ஏற்பாடு இல்லாவிட்டாலும் இரண்டு நாளில் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. பாதையின் மரபணுக்களை காலக்டோஸ் கொடுத்தால் மட்டுமே இயங்கும் ஊக்கிகளின் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதிகளின்) கீழ் வையுங்கள். உணரி எப்போதும் இருக்கட்டும். பிரித்தெடுத்த செல்களைக் குளுக்கோஸில் வளருங்கள். அங்கேயும் ஒளிர்ந்தால் அந்த ஒளிக்கும் உங்கள் பொருளுக்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் இதைச் செய்து, இருபது காலனிகளையாவது எச்பிஎல்சியில் பாருங்கள். மூன்று சுற்றும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

செல் அடர்த்தியால் வகுத்துவிட்டு வரிசைப்படுத்துவது

பொருளின் அளவைச் செல் அடர்த்தியால் வகுத்தால், சரியாக வளராத, நோஞ்சானான திரிபு எப்போதும் பட்டியலின் உச்சிக்கு வந்துவிடும், ஏனெனில் வகுக்கும் எண் சிறியது. வகுக்காத எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டிலும் முன்னே நிற்கும் திரிபை மட்டும் எடுங்கள்.

தாய்த் திரிபு இல்லாத தட்டு

ஒப்பிட எதுவும் இல்லாததால் அதன் எண்களைப் படிக்கவே வேண்டாம்.

வெளிச்சுற்றுக் குழிகள்

96இல் 36 குழிகள் ஓரத்தில் இருக்கின்றன. அங்கே நீர் விரைவாக ஆவியாகி, பொருள் கூடியது போலத் தோன்றும். அவற்றில் வெறும் ஊடகத்தை ஊற்றுங்கள்.

ஒரே அளவீட்டில் வெற்றியை அறிவிப்பது

ஆயிரம் திரிபுகளை ஒருமுறை மட்டும் அளந்தால், முதலிடத்துக்கு வருவதில் திறமையோடு அளவீட்டின் தற்செயலும் கலந்திருக்கும். மறுமுறை அளக்கும்போது அந்த எண் பெரும்பாலும் இறங்கும். முதல் ஐம்பதைப் புதிய கல்ச்சரிலிருந்து நான்கு நான்கு குழிகளில் மீண்டும் வளர்த்து அளந்த பிறகே பெயர் சூட்டுங்கள்.

பக்கத்துச் செல்லின் பொருளால் ஒளிரும் செல்

மியூகோனிக் அமிலம் செல்லை விட்டு வெளியேறுவது. ஊடகம் புளிக்கும்போது அதில் ஒரு பகுதி மற்ற செல்களுக்குள் திரும்பவும் நுழையக்கூடும். அப்போது ஒரே குடுவையில் கலந்து வளர்ந்த சோம்பேறிச் செல்லும் உழைக்கும் செல்லும் ஒரே மாதிரி ஒளிரும். வெளியேறும் பொருள் என்றால் செல்களைக் கலந்து வளர்க்காமல், ஒரு குழிக்கு ஒரு காலனி என்றோ, வசதி இருந்தால் எண்ணெயில் மிதக்கும் நுண்துளி ஒன்றுக்கு ஒரு செல் என்றோ பிரித்து வளர்க்க வேண்டும். பிரித்து வளர்த்த பின்பே சைட்டோமீட்டரையோ துளி பிரிப்பானையோ நாடலாம்.

அந்த மாணவியின் ஐந்து காலனிகளையும் குளுக்கோஸ் தட்டில் கீறச் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் மூன்று கீறல்கள் அங்கேயும் பச்சையாகவே இருந்தன. இரண்டு மங்கிப் போயிருந்தன. அந்த இரண்டும் இப்போது எச்பிஎல்சி வரிசையில் இருக்கின்றன.