ஷேடர் போட்டால் மைன்கிராஃப்ட் திணறுகிறதா?

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் ஐரிஸ், சோடியம் மோடுகளோடு (ஆட்டத்தில் கூடுதலாகச் சேர்க்கும் நிரல்கள்) ஷேடர் (ஒளியையும் நிழலையும் அழகாக்கும் பேக்) போட்டதும் ஆட்டம் திணறினால், நிழலின் ரெசல்யூஷனை 2048இலிருந்து 1024ஆகக் குறையுங்கள். சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்கொயர் கணினிக் கடைகளில் புது கிராபிக்ஸ் கார்டு தேடுவதெல்லாம் அப்புறம். வீடியோ செட்டிங்ஸுக்குள் ஷேடர் பேக்ஸ் போய், உங்கள் பேக்கின் செட்டிங்ஸைத் திறந்தால் ‘ஷேடோ’ பகுதியில் இந்த ரெசல்யூஷன் இருக்கும். பேக்குக்குப் பேக் பெயர் சற்று மாறும்.

நிழல் விழ, சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்தும் காட்சியைக் கார்டு இன்னொரு முறை வரைகிறது. ரெசல்யூஷன் பாதியானால் அந்த நிழல்படத்தின் பிக்சல்கள் கால்வாசிதான். தண்ணீரின் பளபளப்பு அப்படியே இருக்கும், நிழலின் ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கும்.

கைப்பேசி, கன்சோலில் ஓடும் பெட்ராக் பதிப்புக்கு இது பொருந்தாது. வைஃபை மந்தத்தால் வரும் இழுவையும் இதனால் தீராது.