லைட் போர்டில் ப்ரீசெட் அடுக்குவது எப்படி?

போன டிசம்பரில் குன்னூரில் ஒரு பள்ளி ஆண்டு விழா, மூன்று நாள் கழித்து அதே நாடகம் கோத்தகிரியில். எட்டு எல்இடி பார் (நீளப் பட்டை லைட்), நான்கு மூவிங் ஹெட் (தலையைத் திருப்பும் லைட்). அந்த இரண்டு மேடையிலும் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். ஃபேடர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி), க்யூ (காட்சிக்குக் காட்சி வரிசையாகச் சேமித்து ஓட்டும் லைட் அமைப்பு) எல்லாம் உங்களுக்குப் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். லைட் விழும் இடத்தையோ நிறத்தையோ போர்டில் சேமித்து, வேண்டும்போது ஒரே தட்டில் கொண்டுவருவதுதான் ப்ரீசெட்.

முதலில் அட்ரஸ், அதாவது ஒவ்வொரு லைட்டும் எந்தச் சேனல் எண்ணில் தொடங்குகிறது என்பது. பார் எட்டு சேனல் மோடில் இருந்தால் 1, 9, 17 என்று போய், எட்டாவது பார் 57-இல் தொடங்கி 64-இல் முடியும். பதினாறு சேனல் மூவிங் ஹெட்டை அதை ஒட்டி வைக்காமல் 101, 117, 133, 149 என்று வைத்தேன். ஒரு யூனிவர்ஸில், அதாவது போர்டிலிருந்து போகும் ஒரு லைனில், 512 சேனல் இருக்கிறது. கடைசி நேரத்தில் நாலு பார் கூடுதலாக வந்தாலும் நடுவில் இடம் இருக்கும். லைட்டின் டிஸ்ப்ளேயில் உள்ள மோடும் போர்டில் எடுத்த மோடும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து குரூப். பார் எல்லாம், இடப்பக்கம், வலப்பக்கம், மூவிங் ஹெட் எல்லாம்: இந்த நாலு போதும். லைட்டுகளை எப்போதும் இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பின்னால் எஃபெக்ட் ஓடும்போது பெரும்பாலான போர்டுகள் அந்த வரிசையைத்தான் பின்பற்றும்.

இனி ப்ரீசெட். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். ஒத்திகையில் இரவுக் காட்சி. மேடை முழுக்க நீலம். ஓரத்தில் நின்ற சிறுமி நடுவுக்கு வந்ததும் ‘நடுமேடை’ ப்ரீசெட்டைத் தட்டினேன். லைட் சரியாக அவள் மேல் போய் விழுந்தது, ஆனால் நாலு மூவிங் ஹெட்டும் வெள்ளையாகிவிட்டன. அந்தப் பொசிஷனைச் சேமித்தபோது குறி பார்ப்பதற்காக வெள்ளையில் வைத்திருந்தேன். அந்த வெள்ளையும் ப்ரீசெட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அதனால், சேமிப்பதற்கு முன் எதெல்லாம் உள்ளே போகிறது என்று பாருங்கள். பொசிஷன் ப்ரீசெட்டில் பேனும் (இட வலத் திருப்பம்) டில்ட்டும் (மேல் கீழ் சாய்வு) மட்டும். கலரில் கலர் மட்டும். சில போர்டுகள் தாமாகவே பிரித்துக்கொள்ளும். சிலவற்றில் எது சேமிக்கப்பட வேண்டும் என்று நாம்தான் ஃபில்டர் போட வேண்டும். ஒவ்வொன்றும் சேமித்ததும் கிளியர் அடியுங்கள். அப்புறம் லைட்டை வேறு நிறத்தில் வைத்து அதே ப்ரீசெட்டைத் தட்டுங்கள். நிறம் மாறாவிட்டால் சரி.

இன்னொன்று. பல மூவிங் ஹெட்டுகள் 540 டிகிரி வரை சுற்றும். ஒரே இடத்தை இரண்டு வழியில் எட்டிப் பிடிக்கும். ஒரு ப்ரீசெட்டை ஒரு சுற்றிலும் அடுத்ததை மறு சுற்றிலும் சேமித்தால், இரண்டடி நகர வேண்டிய லைட் அரங்கத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும். பேன் மதிப்பை நடுவை ஒட்டியே வைத்துச் சேமியுங்கள்.

க்யூ எழுதும்போது நேரடியாகப் பேன், டில்ட் திருகாதீர்கள். ப்ரீசெட்டைத் தொட்டே எழுதுங்கள். கோத்தகிரி அரங்கில் டிரஸ் (லைட்டுகளைத் தொங்கவிடும் சட்டம்) உயரம் குறைவு, எல்லா லைட்டும் குறி தப்பின. ஆறு பொசிஷன் ப்ரீசெட்டை மட்டும் திருத்தி அப்டேட் கொடுத்தேன். நாற்பதுக்கு மேற்பட்ட க்யூவும் தாமாகச் சரியாகிவிட்டன. அன்று சாயங்காலம் நிம்மதியாக டீ குடிக்க நேரம் கிடைத்தது.

பழகுவதற்கு நான் சொல்வது மேஜிக்க்யூ என்ற லைட் போர்டு மென்பொருள். கணினியில் காசில்லாமல் ஓடும், திரையிலேயே லைட் எரிவதைப் பார்க்கலாம்.

பிற்சேர்க்கை: ஊட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டார், “எல்லாம் சரியாகச் சேமித்தும் லைட் துடிக்கிறதே அண்ணா?” ப்ரீசெட்டைக் குறை சொல்வதற்கு முன் ஒயரைப் பாருங்கள். டிஎம்எக்ஸுக்கு (போர்டிலிருந்து லைட்டுக்குக் கட்டளை போகும் இணைப்பு) மைக் ஒயர் வேண்டாம், கடைசி லைட்டில் 120 ஓம் டெர்மினேட்டர் (லைனை முடித்துவைக்கும் சிறு பிளக்) மாட்டுங்கள். திறந்த மேடை என்றால் நம் ஊர் மூடுபனி கனெக்டருக்குள் இறங்கும். இணைப்புகளைத் தரையில் போடாமல் தூக்கிக் கட்டுங்கள்.

இன்னொன்று, பொசிஷன் ப்ரீசெட்டுக்கு அப்டேட் அடித்தால் முன்பு சேமித்த பழைய இடம் போய்விடும். அதற்கு முன் ஷோ ஃபைலை அரங்கின் பெயரிலேயே பென் டிரைவில் சேமித்துவிடுங்கள். அடுத்த வருடம் அதே மேடைக்குப் போகும்போது அங்கிருந்தே தொடங்கலாம்.