காலடியில் கறுப்புப் புள்ளியா? வீட்டில் பார்க்கும் முறை

அம்மாவின் குதிகாலில் இருந்த கறுப்புப் புள்ளியை ஏழு மாதமாகக் கால் ஆணி என்றே நினைத்திருந்தோம். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருசம் கொழுந்து பறித்த கால் அது. அட்டை கடித்த தழும்பு, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி குத்திய வடு என்று அதில் இல்லாத அடையாளமில்லை. இன்னொன்று வந்தால் யார் கவனிப்பது? கடைசியில் அது மெலனோமா, அதாவது தோல் புற்றுநோயில் ஒரு வகை.

வெயில் பட்டால்தான் தோல் புற்றுநோய் வரும் என்று நானும் நம்பியிருந்தேன். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு மெலனோமா அரிது. ஆனால் வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் எட்டாத இடங்களில்தான் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது. 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

சரி, செய்முறைக்கு வருவோம்.

முதலில் காலை வெந்நீரில் ஊறவைத்து சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். மண்ணும் கறையும் போய்விடும், புள்ளி போகாது. பிறகு காலை நேர வெளிச்சத்தில் வாசலில் உட்கார வைத்துப் பாருங்கள். எங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் மூட்டம் இறங்கினால் ஒன்றும் தெரியாது. விரல் இடுக்கு, நகம், உள்ளங்கை, காதுக்குப் பின்னால், உச்சந்தலை எதையும் விடாதீர்கள்.

அடுத்தது போட்டோ. நான் கோட்டைவிட்டது இங்கேதான். முதல் படத்தை டியூப்லைட்டில் தூரத்திலிருந்து எடுத்தேன், அடுத்ததைப் பிளாஷ் போட்டுக் கிட்டத்தில் எடுத்தேன். புள்ளி வளர்ந்ததா, நான்தான் கிட்டப் போனேனா என்று டொக்டர் கேட்டபோது பதில் இல்லை. இப்போது பிள்ளைகளின் பிளாஸ்டிக் அடிமட்டத்தை (ஸ்கேலை) தோலோடு ஒட்டி வைத்து, பக்கத்தில் தேதி எழுதிய துண்டு வைத்து, காலை ஒரே முக்காலியில் தூக்கி வைத்து எடுக்கிறேன். பிளாஷ் வேண்டாம். மாதம் ஒருமுறை போதும், தினமும் பார்த்தால் மாற்றம் கண்ணுக்குப் பிடிபடாது. ‘புற்றுநோயா என்று சொல்லும்’ போன் செயலிகளை நான் நம்புவதில்லை. அடிமட்டம் எவ்வளவோ மேல்.

ஒரு பாதி மறு பாதியைப் போல இல்லாமை, கிழிந்த ஓரம், பல நிறக் கலவை, 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், முக்கியமாக மாறிக்கொண்டே இருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். கறுப்பே இல்லாமல் சிவந்த சதைபோல் வளர்ந்து இரத்தம் கசிவதும் உண்டு. நான்கு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணும் அப்படித்தான். பழைய தீக்காயத் தழும்பில் அப்படிப் புண் வந்தால் இரட்டைக் கவனம் வேண்டும். முகத்தில் மினுமினுப்பான சிறு கட்டி தோல் புற்றுநோயில் இன்னொரு வகை. நம் தோலில் அது கறுப்பாகவும் இருப்பதால் மச்சம் என்று விட்டுவிடுவோம். அது உடம்பில் பரவுவது மிக அரிது, ஆனால் இருக்கும் இடத்தை அரித்துக்கொண்டே போகும்.

எங்களை ஏமாற்றியது கால் ஆணி பிளாஸ்டர். அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் மேல்தோலை வெள்ளையாக ஊறவைத்து உரிக்கும். உரிந்ததும் புள்ளி சிறுத்த மாதிரி இருக்கும், நாமும் சந்தோசப்படுவோம். கறுப்போ அடியில் அப்படியே கிடக்கும். எனவே எதுவென்று தெரியாத கறுப்புப் புள்ளியில் பிளாஸ்டர், பிளேடு, சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். சுட்டோ உறையவைத்தோ எடுக்கவும் சம்மதிக்காதீர்கள், சோதிக்கச் சதை மிஞ்சாது.

தோட்ட டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரி தோல் கிளினிக்குக்குப் போகலாம். செலவு பஸ் காசுதான். மரக்க ஊசி போட்டு ஒரு துண்டு எடுப்பார்கள். “கத்தி பட்டா பரவிடும் தம்பி” என்று எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லோரும் சொன்னார்கள். பரவாது. ஆனால் ரிப்போட் எந்தத் தேதியில், எந்த அறையில் கிடைக்கும் என்று கேட்காமல் வராதீர்கள். கூப்பிடுவார்கள் என்று நாங்கள் இருந்துவிட்டதில் அது இரண்டு கிழமை சும்மா கிடந்தது.

சிகிச்சையை முடிவு செய்வது புற்று தோலுக்குள் இறங்கிய ஆழம். அம்மாவுக்கு 0.7 மில்லிமீட்டர், அதனால் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டினார்கள். 2 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் 2 சென்டிமீட்டர் சேர்த்து வெட்டுவார்களாம். தொடைத் தோலை எடுத்துக் குதிகாலில் ஒட்டினார்கள். ஆறு கிழமை கால் ஊன்றக்கூடாது. லயத்துப் படிகளில் அம்மாவை முதுகில் சுமந்தேன், திட்டிக்கொண்டே வந்தார்.

பிற்சேர்க்கை: நகத்தில் கறுப்புக் கோடு இருந்தால் பயப்படவா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். பல நகங்களில் மெல்லிய கோடுகள் நம் நிறத்துக்குச் சாதாரணம். ஒரே நகத்தில் புதிதாக வந்து, அகலமாகி, நகத்தடித் தோலிலும் கறுப்பு வழிந்தால் உடனே காட்டுங்கள். அடிபட்ட இரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர முன்னால் நகரும். கால் பெருவிரலில் முழுதாக வெளியேற ஒரு வருசத்துக்கு மேலும் ஆகும். அதையும் அடிமட்டம் வைத்தே படம் எடுங்கள்.