அமெரிக்க நிறப் பாகுபாட்டை எட்டாம் வகுப்புக்கு எடுப்பது எப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பள்ளிகளில் ஒரே பீரியடில், 45 நிமிடத்தில், இதை எடுத்துவிடலாம். பழைய நாளிதழ்களில் வெட்டிய 20 'மணமகள் தேவை' விளம்பரங்களும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டும் போதும்.

பொம்மைச் சோதனையிலிருந்து தொடங்குங்கள். 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி, நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளை 3 முதல் 7 வயதுக் கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்தார்கள். எது நல்ல பொம்மை என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் வெள்ளையைக் காட்டினார்கள். எது உன்னை மாதிரி இருக்கிறது என்றதும் சில குழந்தைகள் அழுதுகொண்டே வெளியே ஓடின. இதை வாயால் சொன்னால் போதும், வகுப்பில் செய்து பார்க்கவே கூடாது. 'கருப்பி' என்று பட்டப்பெயர் வாங்கிய ஒருத்தி அங்கே உட்கார்ந்திருப்பாள். அத்தனை கண்ணும் அவள்மேல் திரும்பும்.

அடுத்து கரும்பலகையில் 17.5.1954 என்று எழுதுங்கள். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளி செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன நாள். தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வும் உண்டு. தீர்ப்போடு எல்லாம் சரியாகிவிட்டதாக முடிக்காதீர்கள்: 1957-இல் லிட்டில் ராக் என்ற அமெரிக்க நகரத்தில் 9 கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் போக ராணுவம் வர வேண்டியிருந்தது.

தலைமுடிக்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும் இடம் இதுதான். கறுப்பர் பலருக்கு இறுகச் சுருண்டு வளரும் முடியை நேராக்கச் சூடான இரும்புச் சீப்பு, இல்லாவிட்டால் ரிலாக்ஸர் கிரீம். பல ரிலாக்ஸர்களில் இருப்பது காஸ்டிக் சோடா, அதாவது சோப்புக் காய்ச்சப் போடுகிற அதே காரம். கூடுதல் நேரம் விட்டால் மண்டைத்தோல் வெந்துவிடும். பின்னல், சடைமுடிக்காகப் பள்ளியிலும் வேலையிலும் ஒதுக்கக் கூடாது என்று 2019-இல் கலிபோர்னியாதான் முதலில் சட்டம் போட்டது.

"நமக்கும்தான் மிஸ் ரெட்டைச் சடை, ரிப்பன்" என்று யாராவது சொல்வார்கள். நல்ல கேள்வி, அடக்காதீர்கள். இங்கே முடியைக் கட்டும் விதத்துக்கு விதி. அங்கே முடி முளைக்கும் விதமே குற்றமானது. இனமும் நிறமும் ஒன்று என்றும் சொல்லிவிடக் கூடாது. வெளுத்த தோலோடு பிறந்தாலும், மூதாதையர் கறுப்பர் என்றால் அங்கே கறுப்பர் கணக்கில்தான் சேர்த்தார்கள்.

பிறகு விளம்பரங்களைக் குழுவுக்கு நான்காகக் கொடுத்து, 'சிவந்த நிறம்' எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். முதலிலேயே கொடுத்தால் கல்யாணப் பேச்சிலும் சிரிப்பிலும் பீரியட் போய்விடும்.

கடைசி ஐந்து நிமிடம், நிறத்தைப் பற்றி வீட்டில் கேட்ட ஒரு வாக்கியத்தைச் சீட்டில் எழுதட்டும், பெயர் போடாமல். "கேவுரு காட்டு வெயில்ல நிக்காத, கறுத்துப்போயிடுவ" என்பது போல வரும். நீங்களே வாசியுங்கள். கையெழுத்து தெரியும் என்பதால் சீட்டுகளை ஸ்டாஃப் ரூம் மேசையில் விடாமல் கையோடு கிழித்துவிடுங்கள்.