டிக்கெட் விலையை மட்டும் பார்த்து ஊரை முடிவு செய்யாதீர்கள்

கோவைப் பக்கம் நண்பர்கள் நாலு பேர் வெளிநாட்டு டூருக்குச் சேர்ந்தால் "பேங்காக் போலாமுங்க" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். சரி, பேங்காக்கோ வேறு ஊரோ, விமானம் எங்கே ஏறுவது என்பதை முதலில் பாருங்கள். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. ஆனால் விசா வேண்டும், ரூம் வாடகையும் கையைக் கடிக்கும். கோலாலம்பூருக்குத் திருச்சியிலோ கொச்சியிலோ ஏறலாம். கரூர், நாமக்கல்காரர்களுக்குத் திருச்சி. பொள்ளாச்சிப் பக்கம் என்றால் கொச்சி.

குறைந்த செலவுக்கு என் ஓட்டு மலேசியாவுக்குத்தான். 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம். டிஜிட்டல் வருகை அட்டையை மட்டும் போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பத்துமலை முருகனைப் பார்க்க டாக்சி எதற்கு? கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் கம்யூட்டர் (புறநகர்) ரயில் ஏறினால் கோயிலை ஒட்டியே இறங்கிக்கொள்ளலாம்.

அப்புறம், மலிவு டிக்கெட்டில் பெரும்பாலும் 7 கிலோ கைப்பைதான். ஆளுக்கு ஒன்று என்று லக்கேஜுக்குப் பணம் கட்டாமல், நாலு பேருக்கும் பொதுவாக ஒரே பெட்டி போடுங்கள். அதுவும் திரும்பும்போது மட்டும்.